இரண்டு ஸ்லைடர், ஒரே மதிப்பு

மேட்பிளாட்லிப்பில் ஒரு ஸ்லைடர் போடுவது சுலபம். இரண்டாவதைப் போட்டு, இரண்டையும் சேர்ந்து நகர வைக்கப் பாருங்கள். அதன் வடிவமைப்பில் உள்ள குறை அப்போதுதான் தெரியும்.

ஒரு சைன் அலையை எடுத்துக்கொள்வோம். ஒரு ஸ்லைடர் அதிர்வெண்ணுக்கு, இன்னொன்று அலைவு நேரத்துக்கு. 4 ஹெர்ட்ஸ் என்றால் 0.25 விநாடி. எதை இழுத்தாலும் மற்றது மாறணும். ஆன்_சேஞ்ட் வழியாக முதல் ஸ்லைடர் இரண்டாவதின் செட்_வேலைக் கூப்பிடும். இரண்டாவது திரும்ப முதலாவதைக் கூப்பிடும். மதிப்பு உண்மையில் மாறியதா என்று செட்_வேல் பார்ப்பதே இல்லை. கூப்பிட்டால் போதும், எல்லா ஃபங்ஷனுக்கும் தகவல் போய்விடும். ரெண்டும் மாத்தி மாத்திக் கூப்பிட்டு, கடைசியில் ரிகர்ஷன் எரர்.

இதற்கு வழக்கமான வைத்தியம், ஈவண்ட்ஸ்ஆன் என்பதைக் கொஞ்ச நேரம் ஃபால்ஸ் ஆக்குவது. சுற்றல் நின்றுவிடும். ஆனால் அந்த ஸ்லைடரை நம்பியிருக்கிற மற்ற ஃபங்ஷன்களுக்கும் தகவல் போகாது. வரைபடத்தை மாற்றும் ஃபங்ஷன் அதில் ஒன்றாக இருந்தால், ஸ்லைடரில் புது எண், திரையில் பழைய அலை. எரர் வந்தால் நாம் நின்று பார்ப்போம். இங்கே எதுவும் கத்தாது. அந்தப் படத்தை நம்பித்தான் முடிவுக்கு வருகிறோம் என்பதால், எனக்கு இதுதான் பெரிய குறை.

ஸ்லைடர்மின், ஸ்லைடர்மேக்ஸ் என்று இரண்டு வசதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்று இன்னொன்றைத் தாண்டாமல் தடுக்க மட்டுமே அவை உதவும். அந்தத் தடையும் மவுஸால் இழுக்கும்போதுதான். கோடிலிருந்து செட்_வேல் கொடுத்தால், 10 வரை போகும் ஸ்லைடர் 50-ஐயும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும்.

ஐபைவிட்ஜெட்ஸ் இதைக் கொஞ்சம் நன்றாகவே கையாள்கிறது. மதிப்பு மாறினால்தான் தகவல் போகும். ஒரே மதிப்பைக் காட்டும் இரண்டு ஸ்லைடர்களை இணைக்க, லிங்க் என்று ஒரு வரி போதும். ஆனால் அதற்கு ஜூப்பிட்டர் மாதிரி ஒரு சூழல் வேண்டும். மேட்பிளாட்லிப் ஸ்லைடரோ டிகே, கியூடி எதிலும் அதே கோடில் ஓடும். அந்தப் பெருமையை அதனிடமிருந்து பறிக்க முடியாது.

என் கருத்தில் பிரச்சினையின் வேர் ஒன்றுதான்: மதிப்பு ஸ்லைடருக்குள்ளேயே இருக்கிறது. அதை வெளியே எடுத்து, அதிர்வெண்ணை மட்டும் வைத்திருக்கும் ஒரு சின்ன கிளாஸ் எழுதிவிடுங்கள். ஸ்லைடர்கள் அதனிடம் மட்டும் பேசட்டும். அது மாறும்போது இரண்டு ஸ்லைடரையும் படத்தையும் அதுவே புதுப்பிக்கும். வரும் மதிப்பு பழையதுதான் என்றால் எதுவும் செய்யாது. அந்த ஒப்பீட்டில் மட்டும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். தசம எண்களை இரண்டு முறை தலைகீழாக்கினால் எப்போதும் அதே எண் திரும்பி வராது.

இருபது வரிகூட ஆகாது. இது நூலகத்துக்குள்ளேயே இருந்திருக்கலாம்.