எழில்: சொல்லும் தொடரும்

தமிழில் நிரல் எழுதலாம் என்றதும் நம்மவர்க்கு ஒரு புளகாங்கிதம். கலைச்சொல் கிடைத்தால் மொழி வென்றது என்ற பழைய மயக்கந்தான். முத்து அண்ணாமலையின் 'எழில்' (அதுபற்றி 2009இல் கட்டுரை எழுதினார்) அந்த மயக்கத்தைக் கொஞ்சம் தாண்டிய பிரதி. அதில் 'ஆனால்' நிபந்தனைக்குப் பின்னால் வருகிறது; 'வரை'யும் அப்படியே. இது நம் தொடரியல். 'பதிப்பி' மட்டும் இங்கிலீஷ் வினை மாதிரி முன்னால் போய் நின்றுகொள்கிறது. இங்கேதான் சறுக்கல்.

ஆனால் கணினி நிரலை வரியாக வைத்துக்கொள்வதில்லை, தொடரியல் மரமாகப் பிரித்துக்கொள்கிறது. தாம்பரத்தில் கணினி படிக்கிற பையனொருவன் பைத்தானோடு வரும் 'ஏஎஸ்டி' கருவியில் நாலு வரியைப் போட்டு அந்த மரத்தை எடுத்துக் காட்டினான். அடைப்புக்குறி போச்சு, தமிழில் எழுதிய குறிப்புரையும் போச்சு. 'கூலி' என்று அவன் பெயர் வைத்த மாறி மட்டும் மிச்சம். கணுக்களின் பெயரெல்லாம் இங்கிலீஷ். பைத்தானில் கட்டிய எழிலின் மரத்திலும் இஃப், வைல், பிரின்ட்தான்.

இதைத் தோல்வி என்று சொல்லமாட்டேன். சொல்வரிசையை மரம் பார்ப்பதில்லை. "வணக்கம்" பதிப்பி என்று வினையைக் கடைசியில் வைத்தாலும் அதே மரந்தான் வரும். பிறகென்ன தடை? தாம்பரத்துக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏயூ-கேபிசி மையத்தில் தமிழ் வாக்கியத்தைப் பகுக்கும் ஆய்வு நடந்திருக்கிறது. அந்த இலக்கண அறிவை 'பதிப்பி'க்குப் பக்கத்தில் வைத்து யாராவது பேசவேண்டும்.