சங்கர்லாலுக்கு ஒரு தேத்தண்ணி

துப்பறியும் நாவல் வாசிக்க உலகத்திலேயே சிறந்த இடம் பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகும் ரயில்தான். அடித்துச் சொல்வேன்! 1924இல் பதுளை வரை வந்து முடிந்த பாதை அது. ஹாலிஎலை தாண்டுமுன் கதையில் முதல் பிணம் விழுந்துவிட வேண்டும். தெமோதரையில் ரயில், நிலையத்துக்கு அடியிலுள்ள குகைக்குள் புகுந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி ஏறி, அதே நிலையத்தில் வந்து நிற்கும். ராஜேஷ்குமார் போடும் முடிச்சும் அப்படித்தான். சுற்றவிட்டு, கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து திகைக்க வைப்பார். ஆயிரத்தைந்நூறுக்கு மேல் நாவல் எழுதிய மனிதர். என்ன கை ஐயா அது!

“பொழுதுபோக்குக் கதைதானே” என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு ஒரு நாள் வந்திருக்க வேண்டும். மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு அம்மாமார் வீடு திரும்பி, அடுப்பு வேலை முடிந்ததும், அக்கா குப்பி விளக்கடியில் ராணிமுத்து மாத நாவலைப் பிரிப்பாள். அவள் வாசிக்க, பக்கத்து வீட்டுக்காரர்களும் வாசலில் குந்தியிருந்து கேட்பார்கள். கை மாறி மாறி வந்த புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் இருக்காது. அப்புறம்தான் கொண்டாட்டம்! கதாநாயகியை யாருக்குக் கட்டிவைப்பது என்று ராத்திரி முழுக்க வாக்குவாதம். ஆளுக்கொரு முடிவு சொல்வார்கள். நான் அவற்றை அப்பியாசக் கொப்பியில் எழுதிப் பள்ளிக்கூடத்தில் சுற்றவிடுவேன். வாசிக்க ஒரு டொபி கட்டணம். அந்த எழுத்தில் எந்தக் கருத்தும் இல்லை. எழுதும்போது எனக்கிருந்த குஷிக்கு அளவுமில்லை.

தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லாலை எங்கள் வீட்டில் சொந்தக்காரர் போலவே நடத்தினோம். காரணம், அவர் தேநீர்ப் பிரியர். அவர் கோப்பையைக் கையில் எடுத்தாலே, “நம்ம கொழுந்தாத்தான் இருக்கும்” என்பார் அம்மா, பிளேன்டியை உறிஞ்சிக்கொண்டே.

கனமான இலக்கியம் எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஹாலிஎலைப் பக்கத்து ஊவாக்கட்டவளையில் பிறந்த தெளிவத்தை ஜோசப்பை நான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவன். அவருடைய ‘காலங்கள் சாவதில்லை’ நாவல் 1974இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. தென்னிந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விழுந்திருந்த காலம்; வீரகேசரி இங்குள்ளவர்களின் நாவல்களை மலிவு விலையில் போட்டது. அவை மலைநாட்டுக்கும் வந்து சேர்ந்தன.

ஆனால் பகல் முழுக்கக் கொழுந்து பறித்த கை, இரவில் புத்தகத்திலும் தன் கஷ்டத்தையே புரட்டிப் பார்க்க வேண்டுமென்று என்ன சட்டம்? ரமணிசந்திரன் கதையில் பணக்காரக் கதாநாயகன் மனமிளகும் இடத்தில் அக்கா விட்ட பெருமூச்சுக்கு நான் எந்த விமர்சகரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். விடிய விடியக் காமன் கூத்துப் பார்க்கிற சனம் நாங்கள். அதனால் என்ன பயன் என்று தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

மலையக எழுத்தாளர்களே, உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். நமுனுகுலைப் பனிமூட்டத்தில் ஒரு பேய்க்கதை எழுதுங்கள். பசறை பஸ்ஸில் ஒரு காதலைத் தொடங்குங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் ஒரு பிணத்தைப் போடுங்கள். பாடம் எதுவும் வேண்டாம். ஆளுக்கு இரண்டு பிரதி வாங்க நான் தயார்.