பழக்கம் போதுமா?

தெரியாமைதான் வெறுப்புக்குக் காரணம், பழகினால் வெறுப்பு அகலும் என்ற வாதத்தைப் புகலிட நாடுகளின் இனவாத எதிர்ப்புக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கிறோம். இதற்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர் அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஓல்போர்ட். தப்பெண்ணத்தின் இயல்பு பற்றிய அவரது நூல் 1954இல் வெளிவந்தது.

சுவிஸ் அனுபவம் இவ்வாதத்தை மெய்ப்பிப்பது போலவே தோன்றும். 2009 நவம்பர் 29இல் பள்ளிவாசல் கோபுரங்களைத் தடைசெய்யும் பிரேரணையை 57.5 வீதமானோர் ஆதரித்தனர். அப்போது நாடு முழுவதிலும் இருந்த கோபுரங்கள் நான்கே. வெளிநாட்டவர் குறைந்த அப்பன்செல் இன்னர்ரோடனில் ஆதரவு 71 வீதம். பல இனத்தவரும் கலந்து வாழும் ஜெனீவாவிலோ ஏறத்தாழ 60 வீதத்தினர் எதிர்த்தனர்.

இதே அளவுகோலை யாழ்ப்பாணத்தில் வைத்தால் கணக்குப் பிழைக்கிறது. அங்கே சாதிகளிடையே பழக்கத்துக்கு என்ன குறை? வளவில் வேலை செய்தவரையும் சாவீட்டில் பறையடித்தவரையும் குடும்பம் குடும்பமாக அறிந்திருந்தனர். வயதில் மூத்தவரையும் 'நீ' என்றே அழைத்தனர். தேத்தண்ணியைச் சிரட்டையில் ஊற்றினர். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மறிக்கப்பட்டோர் மறித்தோருக்கு அந்நியரல்லர்.

ஓல்போர்ட்டைச் சுருக்கிச் சொல்வோர் விட்டுவிடுவது இதைத்தான். சம அந்தஸ்து, பொது நோக்கம், கூட்டுழைப்பு, சட்டமும் அதிகாரமும் தரும் ஆதரவு ஆகியவற்றை அவர் நிபந்தனைகளாக வைத்தார். கடைசி நிபந்தனையின் கனம் எமது வரலாற்றில் தெரிகிறது. 1983 யூலையில் சிங்கள அயலவர் பலர் தமிழரை ஒளித்துவைத்து உயிர் காத்தனர். அடுத்த மாதமே பிரிவினை கோருவதைக் குற்றமாக்கும் 6ஆவது திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1990 ஒக்ரோபர் 30இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினர். ஒரே மொழி பேசி, ஒரே சந்தையில் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த உறவு அந்த ஆணையைத் தடுக்கவில்லை. அயலவர் கண்ணீரால் துப்பாக்கியை மறிக்க முடியவில்லை.

ஆகவே, 'எங்களோடு வேலை செய்யும் தமிழன் நல்லவன், மற்ற அகதிகள்தான் பிரச்சினை' என்று உணவகச் சமையலறையில் யாராவது சொன்னால் நாம் என்ன செய்வது? அந்த 'நல்லவன்' பட்டம் ஒருவருக்கான விதிவிலக்கு மட்டுமே. சொன்னவரின் வாக்கு மாறியதற்கு அது சாட்சியாகாது. பட்டத்தை வாங்கிக்கொண்டு நேற்று வந்திறங்கிய சோமாலியரை நாமும் அதே கண்ணால் பார்த்தால், அவரது அரசியலுக்கே ஆள் சேர்க்கிறோம். பழக்கம் கதவைத் திறக்கும். உள்ளே சரிசமமாக உட்காரத் தொழிற்சங்கமும் சட்டமும் வாக்குரிமையும் வேண்டும்.