பாப்பாரப்பட்டி என்று அடித்துப் பாருங்கள்

தருமபுரி மாவட்டத்தில் பரணைக் குடைந்தால் பல வீடுகளில் அரசு முத்திரை போட்ட லேப்டாப் ஒன்று அகப்படும். 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வரவு. அந்தக் கணினிகளில் விண்டோஸோடு லினக்ஸும் இருந்தது பலருக்கு மறந்தே போயிருக்கும். பாஸ் என்று பெயர். டெபியன் என்ற லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. ஆன் செய்ததும் இரண்டில் எது வேண்டும் என்று கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் கேட்கும். பிள்ளைகள் தெரிந்த பெயரை அமுக்கினார்கள். அப்புறம் சர்வீஸ் கடைக்குப் போனபோது, “இது எதுக்குண்ணா இடத்தை அடைச்சுக்கிட்டு?” என்று பாஸை அழித்துவிட்டு வந்தவர்கள் ஏராளம்.

பாஸ் மோசமான சரக்கு அல்ல. தமிழ் மெனுக்கள் இருந்தன, ஆபீஸ் மென்பொருள் இருந்தது. 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது அரசுத் துறைகளுக்குத் தமிழக அரசு பரிந்துரைத்ததும் இதைத்தான். பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக் கணினிப் பாடமே லினக்ஸில் நடக்கிறது என்றால், அங்கே ஆசிரியர் அதைத் தெரிந்துகொண்டு வகுப்புக்கு வருகிறார். இங்கே பெட்டியை மட்டும் கொடுத்தோம். ஆகவே புதியவருக்கு ஏற்ற லினக்ஸ் எது என்று யாராவது கேட்டால் நான் அழகைப் பார்ப்பதில்லை. கேட்டுச் சொல்ல ஆளில்லாத பென்னாகரத்து வீட்டில், ராத்திரி ஒன்பது மணிக்கு, தனியாக உட்கார்ந்திருப்பவரிடம் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் என் உரைகல்.

இப்போது இந்தக் கேள்வி அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 பழைய செயலிகளையும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகளையும் முறைப்படி ஏற்பதில்லை. நன்றாக ஓடுகிற பெட்டி, காகிதத்தில் மட்டும் கிழடாகிவிட்டது.

என் தேர்வு லினக்ஸ் மின்ட். 2006-ல் கிளெமோன் லெஃபெவ்ர் என்பவர் தொடங்கியது. உபுண்டுவின் மேல் கட்டியது. நாலு ஜிபி ராம் இருந்தால் சின்னமன் பதிப்பு. அதற்குக் கீழே என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மெனு இடது மூலையில், கடிகாரம் வலது மூலையில். விண்டோஸில் பழகிய கை தடுமாறாது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒற்றுமைக்காக மட்டும் நான் இதை மெச்சவில்லை. அப்படிப் பார்த்தால் சோரின் என்ற இன்னொரு லினக்ஸ் இன்னும் சாமர்த்தியமாக வேடம் போடும்.

மின்ட்டின் அருமை டைம்ஷிஃப்ட் என்ற மீட்புக் கருவியில் தெரியும். நம் பக்கத்துப் பழைய லேப்டாப்புகளில் பேட்டரி என்பது பெயருக்கு இருப்பது. அப்டேட் பாதி ஓடும்போது கரண்ட் போனால் மறுநாள் திரை வராமல் போகலாம். டைம்ஷிஃப்ட்டை முன்கூட்டியே முடுக்கிவைத்திருந்தால், இன்ஸ்டால் செய்த அதே பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, முந்தைய நாளின் நிலைக்குத் திருப்பிவிடலாம். சிஸ்டம் கோப்புகள் மட்டும்தான் பின்னே போகும். நீங்கள் வைத்திருக்கும் கல்யாண போட்டோவையும் பத்திர ஸ்கேனையும் அது வழக்கமாகத் தொடாது. அப்டேட் செய்யப் போனால், முதலில் இதை அமைத்துக்கொள்ளுங்கள் என்று மின்ட் தானே நினைவூட்டும். நல்ல வீட்டில் விருந்தாளிக்குச் சோறு போடுமுன் தண்ணீர்ச் சொம்பை நகர்த்திவைப்பார்களே, அந்த மாதிரிப் பதவிசு.

இனி சுவை பார்க்கிற கட்டம். எதையும் அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடிவது லினக்ஸ் உலகின் பெரிய கொடை. ஜவுளிக்கடையில் கூட இவ்வளவு நேரம் உடுத்திப் பார்க்க விடமாட்டார்கள். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, மூடித் திறந்தால் எழுகிறதா என்று பாருங்கள். பிறகு தமிழுக்கு வாருங்கள். இருபது வருடத்துக்கு முன் லினக்ஸில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம், நடுவே புள்ளிவட்டம் என்று சிதறிக் கிடந்ததைக் கண்டவர்களுக்கு, இன்றைய திரையில் லோஹித் எழுத்துருவோ நோட்டோவோ எழுத்தைக் கோத்து நிறுத்துகிற அழகு சலிக்காது.

பாப்பாரப்பட்டி என்று அடித்துப் பாருங்கள். 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை முறைப்படி, ப ஆ ப ப ஆ ர ப ப ட ட இ: பதினொரு தட்டு. புள்ளி விசையை எங்கும் தொட வேண்டாம். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதன் தலையில் புள்ளி தானே உட்காரும். ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. விசைப்பலகைப் பட்டியலில் நேரே கிடைக்கிற தமிழ்நெட்99-ஐ எடுத்தால் எழுத்து வரும், இந்தச் சாமர்த்தியம் வராது. ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை இன்ஸ்டால் செய்து, அதிலுள்ள தமிழ்99-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த இடத்தில் மின்ட் புதியவரைக் கைபிடித்துக் கூட்டிப்போவதில்லை என்பது என் குறை. உபுண்டுவும் பெரிதாக மேல் என்று சொல்லமாட்டேன்.

உபுண்டு திடமானது, ஆனால் அதன் திரை அமைப்பைப் புதிதாகப் பழக வேண்டும், பழைய பெட்டிக்குக் கனம். ஃபெடோரா ஏற்கெனவே ருசி கண்டவர்களுக்கு. ஆர்ச் லினக்ஸை முதல்நாளே சிபாரிசு செய்கிற அண்ணன்மார்களிடம் கொஞ்சம் எட்டி நில்லுங்கள்.

மாறக்கூடாதவர்களும் இருக்கிறார்கள். டாலியில் கணக்கு எழுதுகிற கடை, அதை வேறெங்காவது ஓட்ட வழி செய்யாமல் விண்டோஸை விடக்கூடாது. ஜெராக்ஸ் கடை நடத்துபவர் முதலில் பிரிண்டரைப் பார்க்க வேண்டும்: ஹெச்பி என்றால் பெரும்பாலும் செருகியதும் பேசும், நம்மூர்க் கடைகளில் எங்கும் காணக்கிடைக்கிற கேனான் எல்பிபி2900 அத்தனை லேசில் மசியாது. வானவில் எழுத்துருவில் அடித்த பழைய மனுக்களைத் திறந்தால் புரியாத ஆங்கிலக் குப்பை தெரியும், பயப்பட வேண்டாம். விண்டோஸிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்துவந்து இரண்டு தட்டு தட்டி இன்ஸ்டால் செய்தால், லிப்ரே ஆபீஸில் மனு பழையபடி படிக்க வரும். ஆகவே விண்டோஸை அழிப்பதற்கு முன்னால் அதன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.