அரசியர் உருவப்படங்கள்: கண்டு வரைந்ததும் காணாமல் வரைந்ததும்

ஓர் அரசியின் உருவப்படத்தை எடைபோடும்போது இரண்டு கேள்விகள் முக்கியம். ஓவியர் அவரை நேரில் கண்டாரா? அவருடைய அதிகாரம் படத்தில் எங்கே இருக்கிறது?

வெனிஸ் மரபு முதல் கேள்வியிலேயே தடுமாறுகிறது. உதுமானிய சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரம் 1558இல் இறந்தார். அவர் வாழ்ந்த அந்தப்புரத்துக்குள் அயல்நாட்டு ஓவியருக்கு அனுமதியில்லை. வெனிஸ் ஓவியர் டிஷியன் இஸ்தான்புல்லுக்குப் போனதே இல்லை. இருந்தும் ஹுர்ரமையும் மகள் மிஹ்ரிமாவையும் அவர் வரைந்ததாக, ஓவியர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வசாரி குறிப்பிட்டார். கேள்விப்பட்ட பெருமைக்கு வெனிஸில் ஒரு முகம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

தாமஸ் ஹிக்கி கண்டு வரைந்தவர். அயர்லாந்துக்காரர், 1824இல் சென்னையில் காலமானார். சுமார் 1805இல் மைசூர் அரண்மனைப் பெண்கள் மூவரை ஒரே படத்தில் தீட்டினார். நாட்டியப் பெண்கள் என்றே நெடுங்காலம் அந்தப் படத்துக்குப் பெயர். வரலாற்றாய்வாளர் நைஜெல் சான்சலர்தான் அவர்களை உடையார் குடும்பத்தவர் என்றார். வலப்பக்கம் நிற்பவர் இளைய ராணி தேவஜம்மணி. சேலைத் தலைப்பை விலக்கி அவர் காட்டுவது அம்மைத் தடுப்பூசி போட்ட இடம் என்பது சான்சலரின் கருத்து. அம்மைக்கு ஊரே நடுங்கிய காலத்தில் ஒரு ராணி தன் கையையே சாட்சியாக நீட்டுகிறார். இந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன். கிரீடம் இல்லாமலே அதிகாரம் தெரிகிற படம் அது.

ஆனாலும் என் மனம் தங்குவது மதுரையில்தான். மீனாட்சி கோயில் ஊஞ்சல் மண்டப விதானத்தில் ராணி மங்கம்மாள் அம்மனின் செங்கோலை வாங்குகிறார். பேரனுக்காக 1689 முதல் 1706 வரை ஆண்டவர். அங்கே முகச்சாயலைத் தேடுவது வீண். நாயக்கர் கால ஓவியத்தில் எல்லா முகமும் ஒரே வார்ப்பு. யார் கொடுக்க யார் வாங்குகிறார் என்பதுதான் செய்தி. ஆட்சி அம்மனுடையது, அதை நடத்தும் பொறுப்பு மங்கம்மாளுடையது என்பதைப் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்வார்.

சிவகாசி அச்சகங்களுக்குப் படம் எழுதுபவர்கள் இந்த விதானத்தைப் பார்க்க வேண்டும். சிவகங்கை ராணி வேலு நாச்சியாரின் முகம் நமக்குக் கற்பனைதான், அதில் தவறில்லை. ஆனால் எப்போதும் வாளும் குதிரையும்தானா? விருப்பாச்சியில் தங்கி, ஹைதர் அலியின் உதவியைத் திரட்டி, 1780இல் சிவகங்கையை மீட்டவர் அவர். மருது சகோதரர்களோடு அமர்ந்து யோசனை செய்யும் நாச்சியாரை யாராவது வரையட்டும்.