தீர்ப்பில் வராதவர்கள்

தோற்றவரை வென்றவரே விசாரித்தால் அது நீதியாகுமா? சட்ட அறிஞர்களும் வரலாற்றாசிரியர்களும் இந்தக் கேள்வியோடு திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் டோக்கியோ. இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானின் தலைவர்கள்மீது 1946 மே மாதம் அங்கே தொடங்கிய விசாரணையில் 11 நாட்டு நீதிபதிகள் அமர்ந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 28 பேர். 1948 டிசம்பரில் முன்னாள் பிரதமர் டோஜோ உட்பட எழுவர் தூக்கிலிடப்பட்டார்கள்.

கடுமையான மறுப்பு நீதிபதிகளிடமிருந்தே வந்தது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ராதாபினோத் பால், அனைவரையும் விடுவிக்க வேண்டும் என்று ஆயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதினார். போர் தொடுத்ததற்காகத் தனிமனிதரைத் தண்டிக்கும் சட்டம் அந்தப் போர் மூண்டபோது இருக்கவில்லை என்றார். காலனிகளை வைத்திருக்கும் நாடுகளுக்கு ஆக்கிரமிப்பைக் குற்றம் என்று சொல்ல என்ன தகுதி என்றும் கேட்டார். விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே நெதர்லாந்து இந்தோனேசியாவிலும் பிரான்ஸ் வியட்நாமிலும் இழந்த ஆட்சியை மீட்கப் படை நடத்தின. இரண்டுக்கும் டோக்கியோவில் நீதிபதி இருக்கை இருந்தது.

1971இல், வியட்நாம் போரின் நடுவே, அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் மைனியர் பாலின் வாதத்தைப் புதுப்பித்தார்; 'வென்றவர் நீதி' என்பதே அவர் நூலின் தலைப்பு. 2008இல் வரலாற்றாசிரியர் யூமா டோட்டானி ஆவணங்களைத் துருவி வேறு முடிவுக்கு வந்தார்: வழக்குத் தொடுத்த தரப்பு ஆசியாவின் பல பகுதிகளிலிருந்தும் சான்றுகளைத் திரட்டி உழைத்திருக்கிறது, அது வெறும் நாடகமல்ல. இதில் நான் டோட்டானி பக்கம். சீனாவின் நான்கிங்கில் ஜப்பானியப் படை செய்த கொடுமைகளைப் பாலே மறுக்கவில்லை. அவரைத் தங்கள் சாட்சியாக்கிக்கொள்ளும் ஜப்பானிய வலதுசாரிகள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

என் பார்வையில், வென்றவர் கை ஓங்கியிருப்பது கொடுத்த தண்டனையில் அல்ல, தொடாமல் விட்டவற்றில். பேரரசர் ஹிரோஹிட்டோ சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை. சீனாவில் உயிருள்ள மனிதர்கள்மீது நோய்க்கிருமிச் சோதனை நடத்திய 731ஆம் பிரிவின் மருத்துவர்களை, அவர்களுடைய ஆய்வுக் குறிப்புகளுக்கு ஈடாக அமெரிக்கா விட்டுவிட்டது. ராணுவத்தின் பாலியல் அடிமைகளாக வதைக்கப்பட்ட பெண்களுக்குத் தீர்ப்பில் அநேகமாக இடமே இல்லை. அணுகுண்டு வீச்சும் தொடப்படவில்லை. ஜெர்மானியரை விசாரிக்க நூரம்பர்க் நீதிமன்றத்தை அமைத்த ஒப்பந்தம் கையெழுத்தான நாள் 1945 ஆகஸ்ட் 8: ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்து இரண்டு நாள், நாகசாகிக்கு இன்னும் ஒரு நாள்.

விடுபட்டவர்களில் நம்மவர்களும் உண்டு. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள், வென்ற பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்ட குடிகள்தான். அந்தப் பாதையில் 12,000க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க் கைதிகள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர் சாவு அதைப் போலப் பல மடங்கு. கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. காலராவில் மடிந்த தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோர் காட்டிலேயே புதைக்கப்பட்டார்கள். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றங்கள் நடத்திய ரயில் பாதை வழக்குகளிலும் கைதிகள் பட்ட பாடே முன்னின்றது.

காலம் கடந்தும் சில கதவுகள் திறக்கின்றன. 1991இல் ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் அடிமையாக்கப்பட்ட கொரியாவின் கிம் ஹாக்-சுன் தனக்கு நேர்ந்ததை ஊரறியச் சொன்னார். 2000இல் பெண்கள் அமைப்புகள் டோக்கியோவில் கூட்டிய மக்கள் மன்றம் ஹிரோஹிட்டோவைப் பொறுப்பாளி என்றது. சட்ட வலிமை அதற்கில்லை, ஆனால் அந்தப் பெண்களின் வாக்குமூலம் பதிவானது. இப்போது ஆய்வாளர்கள் ஆசியா-பசிபிக் எங்கும் ஏறத்தாழ 5,700 பேர்மீது நடந்த சிறிய வழக்குகளின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். சிங்கப்பூர் வழக்குகளின் விவரங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றில் தமிழ்த் தொழிலாளரின் குரல் எங்கெங்கே பதிவாகியிருக்கிறது, எங்கே நழுவியிருக்கிறது என்பதைத் தமிழில் யாராவது முழுமையாகத் தேடித் தொகுக்க வேண்டும்.