கம்பாரிலிருந்து சிலிம் வரை, பழைய சாலையில்

நெடுஞ்சாலையை மறந்துவிடுங்கள். மலேசியாவின் கம்பாரிலிருந்து தெற்கே இறங்கும் பழைய பெரிய சாலையில் ஒரே ஒருமுறை மெதுவாகப் போய்ப் பாருங்கள். மலாயாப் போரைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் இருபது வருடமாகப் படித்துவருகிறேன். போன சனிக்கிழமை ஒரே நாளில் இந்தச் சாலை சொல்லிக் கொடுத்ததை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை!

1941 டிசம்பர் 8இல் கரையிறங்கிய ஜப்பானியப் படை, வருடக் கடைசிக்குள் கம்பார் வாசலுக்கு வந்துவிட்டது. பின்வாங்கி வந்தது பிரிட்டிஷ் படை என்று பெயர்தான். நடந்து நடந்து கால் வெடித்தவர்களில் பெரும்பாலோர் 11ஆவது இந்திய டிவிஷனின் சீக்கியர்கள், பஞ்சாபியர்கள், கூர்க்காக்கள்.

விடிந்ததும் கிரீன் ரிட்ஜ் குன்றில் ஏறினேன். பதுங்குகுழிகள் இன்னும் இருக்கின்றன! மண் சரிந்து, வேர் ஓடி, முழங்கால் ஆழத்துக்கு வந்துவிட்டன. ஒன்றில் இறங்கிக் குந்தினேன். காய்ந்த சருகு, ஈர மண் வாசம், கையில் ஏறிய எறும்பு. தலையைத் தூக்கினால் கீழே சாலை. பின்னால் பூஜாங் மலாக்கா மலை, மேற்கே ஈயம் தோண்டிய வெட்டவெளி. பீரங்கிக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அந்தப் படையினர் இங்கே நான்கு நாள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பது, அந்தக் குழியில் உட்கார்ந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. மயிர்க்கூச்செறிந்தது.

1942 ஜனவரி 2இல் பக்கத்து முகட்டை மீட்க, கேப்டன் ஜான் கிரஹாம் தலைமையில் சீக்கியர்கள் துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்தார்கள். இருந்தும் அன்றிரவே கம்பாரை விட வேண்டியதாயிற்று. கடல்வழியாக வந்த ஜப்பானியர்கள் உத்தான் மெலிந்தாங்கில், முதுகுக்குப் பின்னால் இறங்கிவிட்டார்கள். மேற்குக்கரை முழுக்க இதே கதைதான்.

தாப்பா, பீடோர், சுங்காய். பீடோரில் வண்டியை நிறுத்தாமல் போகாதீர்கள், அந்த ஊர்க் கொய்யாவுக்கு ஈடே கிடையாது.

துரோலாக் தாண்டியதும் என் கை தானாக வேகத்தைக் குறைத்தது. இருபுறமும் செம்பனை. அன்று ரப்பர்க் காடு. ஜனவரி 7, விடியற்காலை மூன்றரை மணி, நல்ல நிலவு. டாங்கிகள் நேராக இந்தச் சாலையிலேயே வந்தன. வளைவுகளை நேராக்கியபோது கைவிட்ட பழைய சாலைத் துண்டுகள் ரப்பர் மரங்களுக்குள் கிடந்தன. அவற்றில் புகுந்து, தடுத்து நின்றவர்களின் பக்கவாட்டில் ஜப்பானியர்கள் வெளியே வந்தார்கள். போர் நடக்கும் சத்தமே எட்டாமல், சாலையில் வரிசையாக நடந்துகொண்டிருந்த கூர்க்காப் படையை டாங்கிகள் பின்னாலிருந்து வந்து பிடித்தன. அவர்கள் நடந்திருக்கக்கூடிய ஓரத்தில் நானும் கொஞ்ச தூரம் நடந்தேன். ஒதுங்க இடமே இல்லை. ஒரு பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் மரம்.

காலை எட்டு எட்டரைக்குள் சிலிம் ஆற்றுப் பாலம் ஜப்பானியர் கையில். வெடிவைத்துத் தகர்க்க நேரமிருக்கவில்லை. பாலத்துக்கும் அப்பால் ஒரு ஹாவிட்சர் பீரங்கி, கூப்பிடு தூரத்தில் வைத்து முதல் டாங்கியை அடித்த பிறகுதான் அந்த ஓட்டம் நின்றது. அதற்குள் இரண்டு பிரிகேடுகள் சிதறிவிட்டன. நான்கே நாளில், 11ஆம் தேதி, கோலாலம்பூரும் போயிற்று.

என் பாட்டி இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். "பெரட்டுக்கு எழும்பற நேரத்துக்கு முன்னாடியே லயத்துத் தகரமெல்லாம் நடுங்குச்சு, ஐயா. பூமிதான் ஆடுதுன்னு நெனச்சோம்" என்பார். சின்ன வயதில் அதைக் கதையாகக் கேட்டவன், சனிக்கிழமை துரோலாக் சாலையோரம் நின்றேன். செம்பனைக்குலை ஏற்றிய லாரி ஒன்று கடந்தது. தரை அதிர்ந்து என் உள்ளங்கால் வரை ஏறியது. பாட்டியின் குரல் அப்படியே காதில் விழுந்தது.

அடுத்த மாதம், இதே போரின் இன்னொரு களமான பாரிட் சூலோங். இப்போதே பெட்ரோல் போட்டு வைத்துவிட்டேன்!